மொறப்பாக்கம் கோபாலனின் ஆகஸ்ட் 15

காஞ்சிபுரத்தில் பழைய கதை பேச உட்கார்ந்தால் தேதிக்கு முன்னால் அத்தி வரதர் வந்துவிடுவார். "வரதர் குளத்தை விட்டு வெளியே வந்தாரே, அதற்கு அடுத்த ஐப்பசியில்" என்று ஒரு பெரியவர் சொன்னால், அது 1979-க்குப் பிந்தைய கணக்கு என்று ஊருக்கே புரியும். கல்யாணம், புதுத் தறி போட்டது, வீடு கட்டியது எல்லாம் அதற்கு முன், அதற்குப் பின் என்றுதான் வரிசைப்படும். 2019-க்குப் பிறகு இளையவர்களும் அதே கணக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

விளையாட்டை நேசிப்பவர்களும் காலத்தை இப்படித்தான் எண்ணுகிறார்கள். அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகரிடம் ஏப்ரல் 15 என்று மட்டும் சொல்லுங்கள். 1947-ல் அந்த நாளில் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். பல பத்தாண்டுகளாகக் கறுப்பின வீரர்களுக்குப் பெரிய லீகுகளில் போடப்பட்டிருந்த தடை உடைந்தது. இன்றும் அந்தத் தேதியில் எல்லா அணிகளின் வீரர்களும் அவருடைய 42-ஆம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். ஜூலை 4 என்றால் 1939. தீராத நோயால் ஆட்டத்தை விட்ட லூ கெரிக், யாங்கி ஸ்டேடியத்தில் கூட்டத்தின் முன் விடைபெற்ற நாள்.

நமக்குச் சேப்பாக்கம் இருக்கிறது. 1986 செப்டம்பர் 22, ஆஸ்திரேலியாவோடு டையில் முடிந்த டெஸ்ட். 1999 ஜனவரி 31, பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்ற பிறகும் சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று வென்றவர்களுக்குக் கைதட்டிய நாள். இவை பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. இந்தத் தொடரில் இந்த வாரம் நான் எடுத்துக்கொள்ளும் தேதி அந்த வரிசையில் வராது. அது 1936 ஆகஸ்ட் 15. அன்று ஐரோப்பாவில் இரண்டு மைதானங்களில் இரண்டு இந்திய அணிகள் ஆடிக்கொண்டிருந்தன. இரண்டிலும் ஆடத் தகுதி பெற்றிருந்தும் இரண்டிலும் ஆடாத ஒருவர், நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்.

மொறப்பாக்கம் ஜெயராம் கோபாலன். எம்.ஜே. கோபாலன் என்றால் பழைய கிரிக்கெட் ஆட்களுக்குத் தெரியும். சென்னையிலிருந்து சுமார் 50 மைல் தள்ளியிருக்கும் மொறப்பாக்கம் கிராமத்தில், பதிவுகளின்படி 1909 ஜூன் 6 அன்று பிறந்தவர். அந்த மாவட்டத்துக்குப் பின்னாளில் காஞ்சிபுரம் தலைநகரானது. 1997-ல் மாவட்டத்தின் பெயரே காஞ்சிபுரம் என்றானது. 2019-ல் செங்கல்பட்டு தனியாகப் பிரிந்தது. எல்லைக்கோடு எத்தனை முறை நகர்ந்தாலும் கோபாலன் நம்மவர் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. அவர் பிறந்து மூன்று மாதம் கழித்து, அதே 1909 செப்டம்பர் 15 அன்று, காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுக் குடும்பத்தில் அண்ணா பிறந்தார். அண்ணாவின் பெயரில் இந்த ஊரில் விளையாட்டு அரங்கமே இருக்கிறது. அதில் பந்து வீசிப் பழகும் பிள்ளைகளிடம் கோபாலன் யார் என்று கேட்டால் விழிக்கிறார்கள். அந்த வருத்தம்தான் என்னை இந்த அத்தியாயத்தை எழுதவைக்கிறது.

கோபாலன் வேகப்பந்து வீச்சாளர். திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பின் ஆட்டக்காரர். சென்னைக் கிரிக்கெட் அப்போது இரண்டு உலகமாகப் பிரிந்து கிடந்தது. சேப்பாக்கம் மைதானம் 1846-ல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் கையில் இருந்தது. அது வெள்ளைக்காரர்களின் கிளப். இந்தியர்களுக்கென்று 1888-ல் புச்சி பாபு நாயுடு மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். பொங்கலை ஒட்டி இந்தியர் அணியும் ஐரோப்பியர் அணியும் மோதும் பிரசிடென்சி ஆட்டம்தான் ஊரின் பெரிய விழா. இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவே நின்று திறமையைத் தேடியவர் சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். கோபாலனின் பந்துவீச்சைக் கண்டுபிடித்து, பர்மா ஷெல் கம்பெனியில் வேலையும் வாங்கித் தந்தவர் அவர்தான். கிரிக்கெட் சோறு போடாத காலத்தில் அந்த வேலையின் மதிப்பைச் சொல்லத் தேவையில்லை. பகலில் அலுவலகம், மாலையில் மைதானம். கிரிக்கெட் பருவம் முடிந்தால் கையில் ஹாக்கி மட்டை.

1934 ஜனவரி 5 அன்று கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராகத் தொடங்கிய டெஸ்டில் கோபாலன் இந்தியாவுக்கு ஆடினார். சுமாரான ஆட்டம், ஒரு விக்கெட் கிடைத்தது. அடுத்த டெஸ்ட் சென்னையில். பிப்ரவரி 10, சனிக்கிழமை. சேப்பாக்கம் தன் முதல் டெஸ்டைப் பார்த்த நாள் அது. இங்கிலாந்தின் தலைவர் டக்ளஸ் ஜார்டின், முந்தைய ஆண்டு ஆஸ்திரேலியாவில் பாடிலைன் பந்துவீச்சால் இரண்டு நாட்டு உறவையே உலுக்கியவர். அவருக்கு அதுவே கடைசி டெஸ்டாக அமைந்தது. அமர் சிங் 86 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். பதிலுக்கு ஹெட்லி வெரிட்டி 49 ரன்னுக்கு 7 எடுக்க, இந்தியா 145-க்குச் சுருண்டது. நவோமல், கிளார்க்கின் பந்தில் தலையில் அடிபட்டு வெளியேறினார். 202 ரன்னில் தோல்வி. கோபாலன் அந்தப் பதினொருவரில் இல்லை. தன் சொந்த ஊர் மைதானத்தின் முதல் டெஸ்டில் ஆடும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவில்லை. இந்தியாவுக்காக அவர் ஆடிய டெஸ்ட் கல்கத்தா ஆட்டம் ஒன்றுதான்.

ஆனால் அதே ஆண்டு நவம்பர் 4 அவருடையது. ஞாயிற்றுக்கிழமை, அதே சேப்பாக்கம், மெட்ராஸும் மைசூரும். இன்று ரஞ்சிக் கோப்பை என்று நாம் சொல்லும் போட்டியின் முதல் ஆட்டம். மைசூர் அணியின் கர்ட்டிஸ் மட்டை பிடித்து நிற்க, முதல் பந்தை வீசியவர் கோபாலன். தொண்ணூறு ஆண்டுகளாக நாடு முழுக்கச் சிறு நகரங்களிலும் பெரு நகரங்களிலும் வீசப்பட்டுவரும் லட்சக்கணக்கான ரஞ்சிப் பந்துகளில் முதலாவது, மொறப்பாக்கத்துக்காரர் கையிலிருந்து புறப்பட்டது. ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது. மைசூர் 48, மெட்ராஸ் 130, மீண்டும் மைசூர் 59. மெட்ராஸ் ஓர் இன்னிங்ஸ் 23 ரன்னில் வென்றது. விக்கெட்டுகளை அள்ளியவர் இடது கைச் சுழல்பந்து வீச்சாளர் ஏ.ஜி. ராம் சிங், முதல் இன்னிங்ஸில் 19 ரன்னுக்கு 6, இரண்டாவதில் 16 ரன்னுக்கு 5. சென்னையில் வேரூன்றிய சீக்கியக் குடும்பம். அவருடைய மகன்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் பின்னாளில் டெஸ்ட் ஆடினார்கள். ராம் சிங்குக்கு ஒரு டெஸ்டும் கிடைக்கவில்லை. அந்தக் கால மெட்ராஸ் ஆட்டக்காரர்களின் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கோபம் எனக்குள் எழும். அணித் தேர்வு மகாராஜாக்களின் மாளிகைகளில் நடந்த காலம் அது. தெற்கிலிருந்து ஒருவர் அங்கே எட்டிப் பார்ப்பதே பெரும்பாடு.

ஹாக்கியில் கோபாலனின் நிலை வேறு. 1935-ல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போன இந்திய ஹாக்கி அணியில் அவரும் இருந்தார். அந்த அணி 48 ஆட்டங்களில் 584 கோல் போட்டது. தியான் சந்த் மட்டும் 200-க்கு மேல். 1928-லும் 1932-லும் ஒலிம்பிக் தங்கம் வென்ற நாடு, 1936-ல் பெர்லினில் மூன்றாவதைத் தேடிப் புறப்பட இருந்தது. அதே கோடையில் கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்குக் கப்பலேற இருந்தது. இரண்டில் ஒன்றுக்குத்தான் போக முடியும். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

அந்த இங்கிலாந்துப் பயணம் இந்தியக் கிரிக்கெட்டின் கசப்பான பயணங்களில் ஒன்று. தலைவர் விஜயநகர மகாராஜகுமாரர். பணத்தாலும் செல்வாக்காலும் அந்த இடத்துக்கு வந்தவர், டெஸ்ட் தரத்தில் மட்டை பிடிக்கத் தெரியாதவர். அணி இரண்டு கோஷ்டியானது. முதல் டெஸ்டுக்கு முன்பே, அணியின் மிகச் சிறந்த ஆல்ரவுண்டர் லாலா அமர்நாத் ஒழுங்கு மீறினார் என்று சொல்லி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். பந்துவீச்சில் முகமது நிசாரும் அமர் சிங்கும் இருந்தார்கள். உலகத்தின் எந்த அணியிலும் புதுப்பந்தை வாங்கக்கூடிய இணை அது. அவர்களைத் தாண்டி இடம் பிடிப்பது யாருக்கும் கடினம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்றாவது வேகப்பந்து வீச்சாளருக்கான இடம் எப்படிப் போனது என்று பாருங்கள். கடைசி டெஸ்டில் பாகா ஜிலானிக்கு வாய்ப்பு கிடைத்தது. முதல் நாள் காலைச் சிற்றுண்டியின்போது சி.கே. நாயுடுவை எல்லார் முன்னிலையிலும் அவமதித்ததற்குத் தலைவர் தந்த பரிசு அது என்று பின்னாளில் ஆட்டக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

அந்தக் கடைசி டெஸ்ட் லண்டன் ஓவல் மைதானத்தில் தொடங்கிய நாள் 1936 ஆகஸ்ட் 15, சனிக்கிழமை. இங்கிலாந்து முதலில் மட்டை பிடித்தது. வாலி ஹாமண்ட் 217, வொர்த்திங்டன் 128; அணி 8 விக்கெட்டுக்கு 471 எடுத்து டிக்ளேர் செய்தது. நிசார் ஒருவர் மட்டும் 5 விக்கெட் எடுத்து மாரடித்தார். இந்தியத் தரப்பில் பதினொருவர் களத்தில். கோபாலனுக்கு அதில் இடமில்லை.

அதே சனிக்கிழமை பெர்லின். ஹாக்கி இறுதி ஆட்டம் முதல் நாளே நடந்திருக்க வேண்டியது. மழை பெய்து தரை சேறானதால் ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். எதிரணி ஜெர்மனி. ஒலிம்பிக் தொடங்குவதற்கு முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் இதே ஜெர்மனி இந்தியாவை 4-1 என்று தோற்கடித்திருந்தது. அந்த அடி வீரர்களின் மனத்தில் இருந்தது. ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் அணி நிர்வாகி பங்கஜ் குப்தா ஒரு துணியை வெளியே எடுத்தார். காங்கிரஸின் மூவர்ணக் கொடி. பிரிட்டிஷ் இந்தியாவின் பெயரால் ஆட வந்த வீரர்கள், மூடிய கதவுக்குள் அந்தக் கொடிக்கு வணக்கம் செலுத்திவிட்டு மைதானத்துக்குப் போனார்கள். தியான் சந்த் தன் சுயசரிதையில் இதைப் பதிவு செய்திருக்கிறார். இடைவேளையில் 1-0. ஈரத் தரையில் பந்து ஓடவில்லை. பிறகு தரை காயக் காயக் கோல்கள் விழுந்தன. கடைசியில் 8-1. அந்த ஒலிம்பிக் முழுவதிலும் இந்தியா வாங்கிய ஒரே கோல் ஜெர்மனி போட்ட அந்த ஒன்றுதான். பதினொரு ஆண்டு கழித்து அதே ஆகஸ்ட் 15-ல் அந்த மூவர்ணம் அரசாங்கக் கட்டடங்களில் ஏறப்போகிறது என்று அந்த அறையில் நின்ற யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

கோபாலன் பெர்லினுக்குப் போயிருந்தால் கழுத்தில் ஒலிம்பிக் தங்கம். இங்கிலாந்துக்குப் போனதால் ஒரு டெஸ்ட்கூட இல்லை. இந்திய விளையாட்டின் மிகத் துரதிர்ஷ்டமான முடிவு என்று இதை எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1936 தொடக்கத்தில் கோபாலனின் இடத்தில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். டெஸ்ட் ஆடி இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. வயது 26, வேகப்பந்து வீச்சாளனுக்கு நல்ல வயது. லார்ட்ஸ் மைதானத்தில் பந்து வீச ஆசைப்படாத ஆட்டக்காரன் அப்போது இந்தியாவில் யார்? வேலை வாங்கித் தந்ததும் பெயர் வாங்கித் தந்ததும் கிரிக்கெட். நியாயமாக ஆடவைக்கும் தலைவர் ஒருவர் இருந்திருந்தால் அந்த முடிவைப் பற்றி இன்று யாரும் பேசியிருக்கமாட்டார்கள். குறை கோபாலனின் தேர்வில் இல்லை. தேர்ந்த ஆட்டக்காரரை வேடிக்கை பார்க்க வைத்த தலைமையில் இருந்தது.

ஊர் திரும்பிய கோபாலன் கிரிக்கெட்டை விடவில்லை. மெட்ராஸ் அணிக்காக ரஞ்சியில் தொடர்ந்து பந்து வீசினார், தலைமையும் ஏற்றார். பொங்கல் ஆட்டங்கள், கிளப் ஆட்டங்கள் என்று சேப்பாக்கத்தோடான உறவு நீண்டது. பிறகு இந்திய அணியைத் தேர்வு செய்யும் குழுவிலும் உட்கார்ந்தார். தானே ஒரு காலத்தில் வெளியே நிறுத்தப்பட்டவர், இப்போது உள்ளே யாரை அனுப்புவது என்று முடிவு செய்யும் இடத்தில்.

இங்கே பிப்ரவரி 10 இன்னொரு முறை வருகிறது. 1952. சேப்பாக்கத்தின் முதல் டெஸ்ட் தொடங்கி, நாள் பிசகாமல் 18 ஆண்டு. மீண்டும் இங்கிலாந்து. முதல் நாளான பிப்ரவரி 6 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்த செய்தி வந்தது. மறுநாள் ஆட்டம் நிறுத்தப்பட்டு ஓய்வு நாளானது. இந்தியா அதுவரை 24 டெஸ்ட் ஆடி ஒன்றிலும் வென்றதில்லை. இந்த ஆட்டத்தை வினூ மன்கட் தன் இடது கையில் எடுத்துக்கொண்டார். முதல் இன்னிங்ஸில் 55 ரன்னுக்கு 8 விக்கெட்.

அந்த எட்டில் நான்கு ஸ்டம்பிங். அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மன்கட்டின் பந்து மெதுவாக மேலே எழும்பி வரும். மட்டையாளர் அதைத் தரையில் படுவதற்கு முன் சந்திக்கலாம் என்று கோட்டை விட்டு இரண்டு எட்டு வெளியே வருவார். பந்து அவர் எதிர்பார்த்த இடத்துக்கு ஒரு சாண் முன்னதாகவே இறங்கி, திரும்பி, மட்டையின் ஓரத்தையும் தொடாமல் போகும். குனிந்து காத்திருக்கும் விக்கெட் கீப்பர் கோகன் சென்னின் கையுறைக்குள் பந்து வந்த மறுநொடி பெய்ல்கள் கீழே. மட்டையாளர் திரும்பிப் பார்க்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். இரண்டாவது இன்னிங்ஸில் ஒன்றையும் சேர்த்து அந்த ஆட்டத்தில் சென் ஐந்து ஸ்டம்பிங், ஐந்தும் மன்கட்டின் பந்தில்.

இங்கிலாந்து 266. பதிலுக்குப் பங்கஜ் ராய் 111, பாலி உம்ரிகர் ஆட்டமிழக்காமல் 130. விஜய் ஹசாரே 9 விக்கெட்டுக்கு 457-ல் டிக்ளேர் செய்தார். இரண்டாவது இன்னிங்ஸில் மன்கட்டும் குலாம் அகமதும் தலா 4 விக்கெட் எடுக்க, இங்கிலாந்து 183. கடைசி மட்டையாளர் ஸ்டாதம் அடித்த பந்தைப் பிடித்தவர் சென்னைப் பிள்ளை சி.டி. கோபிநாத். பிப்ரவரி 10 அன்று, ஓர் இன்னிங்ஸ் 8 ரன்னில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி. ஹட்டன், காம்ப்டன், பெட்சர் போன்றவர்கள் வராத இரண்டாந்தர இங்கிலாந்து அணிதானே என்று முணுமுணுப்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். இருபது ஆண்டு காத்திருந்த ஒரு தேசத்துக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை.

அதே 1952-53 பருவத்தில் கோபாலன் பெயரில் ஒரு கோப்பை தொடங்கியது. மெட்ராஸும் இலங்கையும் ஆண்டுதோறும் மோதும் ஆட்டம். இலங்கை அப்போது டெஸ்ட் நாடு இல்லை. தரமான எதிரணிக்கு ஏங்கிக்கொண்டிருந்த தீவு. பாக் நீரிணையின் இரு கரைக்கும் ஏற்கெனவே பழக்கம் உண்டு. 1947-ல் இலங்கைத் தமிழர் எம். சதாசிவம் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 அடித்ததைப் பார்த்தவர்கள், அப்படி ஒரு மட்டையடியைத் திரும்பப் பார்த்ததில்லை என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னார்கள். கோபாலன் கோப்பை அந்தப் பழக்கத்தை நிரந்தரமாக்கியது. ஒரு முறை சென்னை, ஒரு முறை கொழும்பு என்று இரண்டு தலைமுறை இலங்கை ஆட்டக்காரர்கள் இதில் பயின்று வந்தார்கள். 1982-ல் இலங்கை டெஸ்ட் ஆடத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 17 அன்று இந்தியாவோடு அதன் முதல் டெஸ்ட் தொடங்கிய இடம், சேப்பாக்கம். துலீப் மென்டிஸ் இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தார், இரண்டு முறையும் 105. கோபாலனுக்கு ஒலிம்பிக் தங்கம் கிடைக்காததைப் பேசுபவர்கள், ஒரு நாட்டின் கிரிக்கெட் வளர்ந்த பாதையில் அவர் பெயர் பொறித்த கோப்பை இருந்ததையும் சேர்த்துப் பேசவேண்டும்.

2003 டிசம்பர் 21 அன்று சென்னையில் கோபாலன் இறந்தார். அன்று உயிரோடிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களில் உலகிலேயே மூத்தவர் அவர்.

1936 ஆகஸ்ட் 15-ல் ஓவலில் சென்னைக்காரர் ஒருவரும் ஆடவில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒருவர் ஆடினார். வயது 40. புச்சி பாபுவின் மகன். 1922-லேயே டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்கு டென்னிஸ் ஆடியவர். அதற்கு மூன்று வாரம் முன்பு மான்செஸ்டரில் தன் முதல் டெஸ்டில் 40-ம் 60-ம் அடித்தவர். கோட்டா ராமசாமியின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)